சஸ்பெண்ட் செய்வதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தீர்களா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊசி மாறிப்போனது, ரத்தம் மாறிப்போனது, பிரசவத்தில் தாய் இறந்தார் என்று மருத்துவமனைச் செய்தி எது வந்தாலும் அதன் கடைசி வரியை முதலில் பார்ப்பது என் வழக்கம். அந்த வரி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: பணியிலிருந்த செவிலியர் தற்காலிகப் பணிநீக்கம், அல்லது ஒப்பந்தப் பணியாளர் வேலையை விட்டு நீக்கம். அதோடு செய்தி முடிந்துவிடும். மறுநாள் காலையில் அதே வார்டில், அதே அலமாரியில், அதே இரண்டு மருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நீக்கப்பட்டவருக்குப் பதிலாக இன்னொரு பெண், அநேகமாக அவரைவிட அனுபவம் குறைந்தவர், நைட் டூட்டிக்கு வந்து நிற்பார். அவருக்கு யாராவது உட்கார்ந்து எதையாவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். அப்புறம் சில காலம் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்ததால் சொல்கிறேன். நோயாளி பாதுகாப்புப் பயிற்சி என்று இப்போது நடப்பதில் பெரும்பகுதி மருத்துவமனையைச் சோதிக்க வரும் ஆய்வுக் குழுவுக்காக நடப்பது. நோயாளியைத் தொடும் கைகளுக்கு அது போய்ச் சேருவதில்லை. பயிற்சி தமிழில் நடக்க வேண்டும், வார்டிலேயே நடக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் வரைக்கும் எல்லோருக்கும் நடக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சைக்கு வரும் பத்துப் பேரில் சுமார் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு கெடுதல் நேர்கிறது, உலகம் முழுக்க ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் பாதுகாப்பில்லாத சிகிச்சையால் இறக்கிறார்கள், அந்தக் கெடுதல்களில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை. அதனால்தான் 2019 முதல் செப்டம்பர் 17-ஐ உலக நோயாளி பாதுகாப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவும் 2018 முதல் 2025 வரைக்கும் என்று ஒரு தேசியச் செயல்திட்டமே போட்டது. திட்டத்திலும் தாளிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அது வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகிறதா என்பதுதான் விஷயம்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கருத்தரங்கக் கூடத்தில், ஆங்கிலத்தில் ஸ்லைடு போடுவார்கள். இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த பெண்கள் பின்வரிசையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பாடுபடுவார்கள். வருகைத்தாள் சுற்றிவரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. அந்தத் தாளும் போட்டோவும் கோப்புக்குள் போய்விடும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொரு வேகம் வரும். பாதுகாப்பு இலக்குகள் ஆறு என்ன, கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் என்ன என்று நோட்டில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிப்பார்கள். அப்படி ஒப்பித்த ஒரு பெண்ணிடம், 'சரிம்மா, அஞ்சாம் நம்பர் கட்டில் தாத்தாவுக்குக் கட்டுப் பிரிச்சுட்டு ஆறாம் நம்பருக்கு டிரிப்ஸ் மாத்தப் போறே, நடுவுல என்ன செய்வே?' என்று கேட்டேன். யோசித்துக்கொண்டு நின்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் அப்படிக் கேட்டுச் சொல்லித்தரவில்லை.

நம் ஊர் வார்டில் தவறு எங்கே பிறக்கிறது என்றால், முதலில் பெயரில். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். ஒரு மகப்பேறு வார்டில் ஒரே நேரத்தில் மூன்று லட்சுமி, இரண்டு முத்துலட்சுமி, ஒரு ஜெயலட்சுமி இருப்பது சாதாரணம். வாசலில் நின்று 'லட்சுமி யாரும்மா?' என்று குரல் கொடுத்தால் மூன்று கை உயரும், அல்லது அரைத் தூக்கத்தில் இருக்கும் ஒருவர் எதைக் கேட்டாலும் 'ஆமா' என்பார். காது கேட்காத பெரியவரிடம் 'நீங்கதானே சுப்பையா?' என்றால் தலையாட்டிவிடுவார். ஆகவே பெயரை நாம் சொல்லிக் கேட்கவே கூடாது, 'உங்க பேர் என்னம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன, எந்த ஊர்?' என்று அவர் வாயால் வரவைக்க வேண்டும், அதைக் கையில் கட்டியிருக்கும் பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். கட்டில் எண்ணை நம்பவே கூடாது, ஏனென்றால் ஃபேன் காற்று வரவில்லை என்று துணைக்கு வந்த உறவினர்களே கட்டிலை மாற்றிப் படுக்க வைத்துவிடுவார்கள். இதெல்லாம் ஆங்கில ஸ்லைடில் 'இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்கவும்' என்று ஒரே வரியில் போய்விடும். நம் ஊர் லட்சுமிகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் அது மண்டையில் ஏறும்.

அடுத்தது மருந்து. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக வரும் புட்டியில் 1 மில்லிக்கு 40 யூனிட், அதற்கென்று சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜில் 1 மில்லிக்கு 100 யூனிட், அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வீட்டில் பேனா போட்டுக்கொள்ளும் ஒருவர் அட்மிட் ஆகிறார், ஊசி இல்லை என்று அதே கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை உறிஞ்சினால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட். இரண்டரை மடங்கு. நள்ளிரவில் வேர்த்துக்கொட்டி சர்க்கரை தரைமட்டத்துக்குப் போய்விடும், தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிட்டால் ஆளே போய்விடுவார். மாற்றிச் செய்தாலும் ஆபத்துதான்: 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் கிடைப்பது வெறும் 8 யூனிட். இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து, இரண்டிலும் தண்ணீரை உறிஞ்சிக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும், ஆயுளுக்கும் மறக்காது. அதற்குக் கூடமும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம்.

பொட்டாசியம் குளோரைடு இன்னொன்று. 10 மில்லி ஆம்பியூல், அதாவது கழுத்தை உடைத்து எடுக்கும் சின்ன மருந்துக் குப்பி, பார்ப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும், நிறமில்லாத திரவம், சின்ன எழுத்து. ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க அவசரத்தில் தண்ணீர் என்று நினைத்து இதை எடுத்து நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இந்த அடர்த்தியான மருந்துகளைப் பொது வார்டு அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஒரு மருத்துவமனையில் சீனியர் சிஸ்டர் ஒருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இரவு டூட்டி மாறும் நேரம், புதிதாக வந்த இரண்டு பெண்களை மருந்து அலமாரி பக்கம் அழைத்தார். ஒருத்தி கையில் ஒரு ஆம்பியூல், இன்னொருத்தி கையில் ஒரு ஆம்பியூல் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் எது எது என்று சொல்லச் சொன்னார். இரண்டு பேருமே தடுமாறினார்கள். 'கரண்ட் போனா இப்படித்தான் தெரியும். அதனாலதான் இது இங்க இருக்கக் கூடாது, சிவப்பு டப்பாவுல பூட்டி இருக்கணும், எடுக்கும்போது ரெண்டு பேர் படிச்சுப் பாக்கணும்' என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் பார்த்த பயிற்சிகளிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

போனில் டாக்டர் சொல்லும் ஆர்டரும் இப்படித்தான். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அவர் 'ஃபிஃப்டீன்' என்கிறாரா 'ஃபிஃப்டி' என்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? எழுதிக்கொண்டு, 'சார், ஒன் ஃபைவ், பதினஞ்சு மில்லிகிராம், சரிதானே?' என்று திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். திருப்பிக் கேட்டால் எரிந்துவிழும் டாக்டர்களும் இருக்கிறார்கள், அந்தப் பயிற்சி அவர்களுக்கும் வேண்டும்.

இப்போது பயிற்சிக் கூடத்தின் பக்கமே வராதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மனசு கொதிப்பது இங்கேதான். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், வார்டு ஆயா, பல்நோக்குப் பணியாளர், காவலாளி. பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆட்கள். நேற்று வேறு எங்கோ கூலிக்குப் போனவர் இன்று யூனிஃபார்ம் போட்டு அறுவை முடிந்த நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவருக்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சிறுநீர்ப் பையைத் தூக்கி நோயாளி வயிற்றின் மேல் வைத்துத் தள்ளுவார், பை கீழே இழுபடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பையில் இருப்பது குழாய் வழியே திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும், பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஸ்கேனுக்குக் கிளம்புவார், லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது சிலிண்டர் தீர்ந்துபோகும். பக்கக் கம்பியை ஏற்றிவிடாமல் சீட்டு வாங்கப் போவார், மயக்கம் தெளிந்த நோயாளி புரண்டு கீழே விழுவார். எல்லாமே ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடியவை.

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் நடந்தது உங்கள் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். நோயாளியோடு வந்த உறவுக்கார இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார், காந்தம் சிலிண்டரை இழுத்தது, அவர் உயிர் போனது. மெஷின் ஓடவில்லை, கொண்டு போகலாம் என்று அங்கிருந்த பணியாளர் சொன்னார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அதை யாரும் ராத்திரியில் அணைத்து வைப்பதில்லை. அந்த அறைப் பக்கம் போகும் ஒவ்வொரு பணியாளருக்கும் இந்த ஒரே ஒரு வாக்கியத்தை அவரவர் மொழியில் சொல்லியிருந்தால் போதும். கைது செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், சரி. அந்த வாக்கியத்தை நம் ஊரில் எம்.ஆர்.ஐ. இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டதா?

நம் பக்கத்திலேயே நடந்தவை இருக்கின்றன. 2011-ல் நாகர்கோவிலில் குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்கு வந்த இளம் தாய்க்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு போனது. அவர் மீளவே இல்லை, இழப்பீடு கேட்டுக் குடும்பம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். நைட்ரஸ் ஆக்சைடு நீலம். ஒன்றின் இணைப்பு இன்னொன்றில் பொருந்தவே கூடாது என்று ஊசித் துளைகளைக்கூட வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். கருவியைச் செய்தவர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நிறத்தைப் பார், பொருந்தவில்லை என்றால் அடித்துச் செருகாதே, பழுது பார்த்த குழாயைச் சோதிக்காமல் திறக்காதே என்று அறுவை அரங்கில் சிலிண்டர் மாற்றுபவருக்குச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது?

சாத்தூர் விஷயத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2018 டிசம்பர். கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. ரத்தம் கொடுத்த இளைஞரே, வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்து, தானாக வந்து ரத்த வங்கியில் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது. அவர் முன்பு ஒரு முறை ரத்தம் கொடுத்தபோதே பரிசோதனையில் தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்பதும் தெரியவந்தது. ரத்தம் கொடுத்த அந்த இளைஞரும் அந்த மாதமே இறந்துவிட்டார். ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது, வேண்டியதுதான். ஆனால் என் மனதில் நிற்பது வேறு. தவறை ஓடிவந்து சொன்னவர் ரத்தம் கொடுத்தவர், மருத்துவமனைக்காரர் யாரும் இல்லை. நம் மருத்துவமனைகளில் தவறைக் கண்டவர் சொல்ல முடியாது. சொன்னால் மெமோ, அதற்கு மேல் போனால் சஸ்பெண்ட், ஒப்பந்த ஆளாக இருந்தால் நாளை முதல் வர வேண்டாம். பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? நூலிழையில் தப்பிய தவறுகளைச் சொல்ல வைத்தால்தான் அடுத்த உயிர் பிழைக்கும். மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் போகும் வழியில் லேபிளைப் பார்த்துத் திரும்பி வந்த எத்தனையோ செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வார்டுக்கே பாடம் எடுக்கக்கூடியவர்கள். ஆனால் அந்தக் கதையை வீட்டில்கூடச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

குடிபோதையில் வேலைக்கு வந்தவரையும், பணம் கேட்டு நோயாளியை அலையவிட்டவரையும் மன்னிக்கச் சொல்லவில்லை. அது வேறு கணக்கு. நான் பேசுவது கவனமாக வேலை பார்க்கும் ஒருவர், இரண்டு பேர் வேலையைத் தனியாகப் பார்க்கும் இரவில், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பியூலில் ஒன்றை மாற்றி எடுப்பதைப் பற்றி.

தமிழ்நாட்டால் இது முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக எடுத்து, எங்கே தாமதம் ஆனது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை, ஏன் மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்படவில்லை என்று ஆராயும் முறையைப் பல மாநிலங்களுக்கு முன்பே தொடங்கியது நாம்தான். 2004-06 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள், 2018-20 கணக்கில் அது 54. அதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, அந்த ஆய்வும் அவற்றில் ஒன்று என்பதை அங்கே வேலை பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டங்களிலேயே மரியாதையில்லாமல் நடத்துகிறார்கள், குற்றவாளி மாதிரி நிற்க வைக்கிறார்கள் என்று அரசு டாக்டர்கள் போராடியதும் செய்தியில் வந்ததே. கற்றுக்கொள்ள வைத்த கூட்டம் பழி போடும் கூட்டமாக மாறினால் கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதத்தான் ஆட்கள் கற்றுக்கொள்வார்கள்.

கொரோனா நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். 2020-ல் பாதுகாப்பு உடையை எப்படிப் போடுவது, அதைவிட முக்கியமாக எப்படிக் கழற்றுவது என்று டீன் முதல் தூய்மைப் பணியாளர் வரை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒருவர் செய்து காட்ட மற்றவர் பார்த்துத் திருத்தினார்கள். தமிழில்தான். ஸ்லைடு இல்லை. ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா, முகக்கவசத்தை முன்பக்கம் பிடித்துக் கழற்றிய இளம் டாக்டரைப் பார்த்து 'தம்பி, கயித்தப் புடிங்க' என்று சொன்னதை நான் நேரில் கேட்டேன், அந்த டாக்டரும் கையைக் கழுவிவிட்டு நன்றி சொன்னார். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று கழிவுத் தொட்டிகளுக்கு நிறம் வைத்ததும் அப்படித்தான் பிடித்துக்கொண்டது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எந்தக் கழிவு எந்தத் தொட்டி என்று சொல்லிவிடுவார். நமக்கே உயிர் பயம் என்றபோது எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். நோயாளியின் உயிருக்கும் அதே அக்கறை வேண்டாமா?

அந்த அம்மா டாக்டரிடம் சொன்னாரே, அதற்குத்தான் பயிற்சியில் பெரிய இடம் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், அறையை விட்டு வெளியே போவதற்கு முன் என மூன்று இடத்தில் நிறுத்தி, உரக்கப் படித்து, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு நகரங்களில் சோதித்தார்கள், அதில் நம் டெல்லியும் ஒன்று. அறுவைக்குப் பின் இறப்பவர்கள் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது, சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆனது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஐ.சி.யு.க்களில் பெரிய நரம்பில் குழாய் போடும்போது வரும் தொற்றை ஐந்தே அம்சங்களை வைத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அங்கே முக்கியமாகச் செய்தது என்னவென்றால், டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் செவிலியர் நிறுத்தச் சொல்லலாம் என்று அதிகாரம் கொடுத்ததுதான். நம் அறுவை அரங்குகளிலும் அந்தத் தாள் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் அறுவை முடிந்த பிறகு ஒரு செவிலியர் தனியாக உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு கேஸ் ஷீட்டில் செருகிவிடுகிறார். 'சார், ரத்தம் ஒத்துற துணி ஒண்ணு கணக்குல குறையுது' என்று ஒரு இளம் செவிலியர் பெரிய சர்ஜனிடம் தயங்காமல் சொல்ல முடிகிற இடம்தான் பாதுகாப்பான இடம். அந்தத் தைரியம் தானாக வராது, சர்ஜன் முன்னிலையிலேயே அதைச் சொல்லிப் பழக்க வேண்டும், சர்ஜனும் கேட்டுப் பழக வேண்டும்.

பயிற்சி ஒன்றே போதும் என்றும் சொல்லவில்லை. பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொன்ன அளவு. இரவில் போய் எண்ணிப் பார்த்தால் என்ன நிலைமை என்று யாருக்கும் தெரியும். ஆள் போடாமல் பாடம் மட்டும் எடுத்தால் அது கொடுமை.

ஆனால் ஆள் வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது. டூட்டி மாறும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், வாரம் ஒரே ஒரு விஷயம், அந்த வார்டில் உண்மையில் நடந்த அல்லது நடக்க இருந்த ஒன்றை எடுத்து, ஆயா முதல் டியூட்டி டாக்டர் வரை நின்றபடியே பேசுங்கள், தமிழில். வட மாநிலத்திலிருந்து வந்த பணியாளர் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் ஒருவர் சொல்லட்டும். தப்பிய தவறைச் சொன்னவருக்கு மெமோ கொடுக்க மாட்டோம் என்று கண்காணிப்பாளர் எழுத்தில் கொடுத்துச் சுவரில் ஒட்டட்டும். ஆய்வுக்கு வருபவர்கள் கோப்பைப் புரட்டுவதை விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரைக் கூப்பிட்டு 'இந்தச் சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு, காட்டுங்க' என்று கேட்கட்டும். உங்கள் நிருபர்களும் அடுத்த முறை ஒரு மாதம் கழித்து அந்த வார்டுக்குத் திரும்பப் போய், நீக்கப்பட்டவருக்குக் கடைசியாக யார் எப்போது பயிற்சி கொடுத்தார்கள், அதன்பிறகு என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

வாசகர்களுக்கும் ஒன்று. ஊசி போட வருபவரிடம் 'இது என்ன மருந்து சிஸ்டர், யாருக்குப் போட வந்திருக்கீங்க?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவந்திருக்கிறேன். ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள், குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுமுட்டல் என்று எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

அரசிடம் உடனடியாகக் கேட்பது ஒன்றுதான், அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகளோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: நோயாளி பாதுகாப்பு பற்றி இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி முடித்து, வார்டு செவிலியர் முன்னால் செய்து காட்டியவரை மட்டுமே நோயாளியைத் தொட விட வேண்டும், அந்த இரண்டு நாளுக்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போதும் இதையே கேளுங்கள். இரண்டு நாள் சம்பளம் மிச்சம் பிடிக்கிறோம் என்று இதைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.